சிவராத்திரிக்கு முந்தின நாள்

சிம்தாரா
மங்சிர் 18, 2071

ஹரிகலா,

கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ எவரோ என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். உன் அண்ணன் மனைவி மன்சராதான் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். கோணலாக இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரிப்பது இங்கே கேட்கப்போவதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கட்சிக்கும் ராணுவத்துக்கும் நடந்த போர் முடிந்ததும் நீ கட்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். நான் உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கட்சியின் உள்விவகாரம் தெரிந்தவள் என்று எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன் செய்யலாமே என்பாய். இங்கே ஹிக்மத்தின் கடை முற்றத்தில் நின்றால்தான் போன் பேசும். நான் பேசப் போவது அந்த ஹிக்மத்தைப் பற்றித்தான்.

ஆற்றுக்கு அக்கரைக்காரன், போர்க் காலத்தில் இந்தப் பக்கத்துக் கட்சிப் படைத் தளபதியாக இருந்தவன், அவன்தான். சாலைக் காண்டிராக்ட் எடுத்து வந்து, இங்கேயே பெண் கட்டி, இப்போது ஊருக்குத் தலைவர் மாதிரி ஆகிவிட்டான். சாலை வளைவில் தியாகிகள் நினைவு வாயில் கட்டுகிறார்கள். கல்லில் பெயர் வெட்டப் போகிறார்களாம். அதில் உன் அண்ணன் பெயரும் உண்டாம். பெயருக்குப் பக்கத்தில் ‘விஸ்வாஸ்’ என்று கட்சிப் பெயர் வேறு. கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டிருந்த மனுஷருக்குச் செத்தபிறகு கட்சிப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

முந்தாநாள் ஹிக்மத்தே வீட்டுக்கு வந்தான். "அண்ணி, நல்லா இருக்கீங்களா? கல்லை நீங்கதான் தெறந்து வைக்கணும். அண்ணன் தியாகி ஆச்சே"ன்னு கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணனைப் பிடித்துப் போக வந்தபோது இதே வாசலில் என்னைக் கீழே தள்ளிவிட்டு, "உளவாளிப் பொண்டாட்டி, வாயை மூடுடி" என்று சொன்னவன். ராணுவக்காரர்கள் ஒரு தடவை அவர் கழுதைகளைப் பிடுங்கித் தங்கள் மூட்டையை ஏற்றினார்கள். அதுக்குத்தான் உளவாளிப் பட்டம். இப்போது தியாகிப் பட்டம்.

அவன் சொல்லும் கதை இது. விசாரணைக்குத்தான் கூட்டிப் போனார்களாம், இரண்டு நாளில் விட்டுவிட்டார்களாம், வரும் வழியில் ராணுவம் சுட்டுவிட்டதாம். அதை ஒத்துக்கொண்டு ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அவன் திட்டினால் எனக்குப் பழக்கம். மரியாதையாகப் பேசுகிறான் பார், அதுதான் பயம். எதற்கு இவர்களுக்கு இப்போது என் கையெழுத்து? உனக்குத் தெரிந்ததைச் சொல். ஜீப் ஓட்டும் சுர்பீர் என் சித்தி மகன், நம்பலாம். பதிலை மஞ்சள்தூள் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தனுப்பு.

மன்சரா


சுர்கேத்
மங்சிர் 29, 2071

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் அப்படியே செய்யுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு யோசியுங்கள்.

நான் இங்கே தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடைதான் அதிகம் வரும். இந்தத் தெருவில் யாருக்கும் நான் காட்டில் இருந்தது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் இந்தத் தெருவுக்கு வந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆணையம் ஒன்று அமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. மனைவியே முன்னால் நின்று, ராணுவம் சுட்டது என்று எழுதின கல்லைத் திறந்து வைத்துவிட்டால் பிறகு புகார் எங்கிருந்து வரும்? அதுதான் கணக்கு. வேறொன்றும் இல்லை.

ஆகவே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய்த் திரையை இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கல்லில் என்ன எழுதியிருந்தால் நமக்கென்ன. ஹிக்மத்தோடு வார்த்தை வளர்க்காதீர்கள். அவன் சிரித்துக்கொண்டே செய்கிற ஆள். எனக்குத் தெரியும். அதாவது, கேள்விப்பட்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது வேறு படைப்பிரிவில், வேறு மாவட்டத்தில் இருந்தேன்.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்த விஷயம் ஒன்று. பன்னிரண்டு வருஷம் ஆள் வராவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கிரியை செய்வது நம் வழக்கம்தானே. நீங்கள் இன்னும் குங்குமமும் சிவப்பு வளையலுமாக இருப்பதாகச் சுர்பீர் சொன்னான். நான் சாமி கும்பிடுவதை எப்போதோ விட்டவள். ஆனாலும் அண்ணனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் போகவில்லையே என்று தையல் மிதிக்கும்போது நினைப்பு வரும். செய்வதாக இருந்தால் பாகுன் மாதம், சிவராத்திரிக்கு முந்தின நாள், திரயோதசியில் செய்யுங்கள். திதி தவறினால் போய்ச் சேராது என்பார்கள்.

இதை எரித்துவிடுங்கள்.

ஹ.


சிம்தாரா
பூஸ் 14, 2071

ஹரிகலா,

எரிக்கவில்லை. எரிப்பதாகவும் இல்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "கை நடுங்குது, குளிர் குறையட்டும்" என்று தள்ளிக்கொண்டு வருகிறேன். அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையில் கதவைத் திறந்தால் வாசலில் விறகு அடுக்கியிருக்கிறது. நான் கேட்கவில்லை. மறுநாள் முற்றம் பெருக்கியிருக்கிறது. போன வாரம் இரண்டு தடியன்கள் ஏணியோடு வந்து கூரையில் ஏறி ஓடு மாற்றினார்கள். "யாருடா சொன்னது?" என்றால், "தலைவர்தான் சொன்னாரு. நீங்க தனியா இருக்கீங்களாம், ராத்திரி பகல் பாத்துக்கணுமாம்" என்கிறான் ஒருத்தன். கூரையில் உட்கார்ந்துகொண்டு நான் எங்கே போகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று பார்க்கிறான்கள். நாயைக் காணோம். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "சிறுத்தை அடிச்சிருக்கும் அண்ணி, நாங்க வேற குட்டி கொண்டாறோம்" என்றான்கள். சாயங்காலமே குட்டியும் வந்துவிட்டது. அது அவன்களைப் பார்த்து வாலாட்டுகிறது.

அந்த விறகை எரிக்கவும் பயம், எரிக்காமல் வைத்திருக்கவும் பயம். அடுப்பை அணைத்துவிட்டு மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன் ஒரு நாள். நீ நம்புவாயோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன மாதிரி கிரியை செய்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. பிள்ளை இல்லாத வீடு, நானே உட்கார வேண்டியதுதான். பண்டிதர் ஹோமநாத்திடம் போனேன். அவர், "எந்தத் திதியில போனார்னு தெரியாதும்மா. தெரியாதவங்களுக்கு அமாவாசைதான்" என்றார். நான் யோசிக்காமல், "இல்ல சாமி, பாகுன்ல, தேய்பிறை திரயோதசி" என்றேன். அவர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். "உனக்கு யாரும்மா சொன்னது?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அடி ஹரிகலா. அவரைப் பிடித்துப் போனது மங்சிரில், பாகுனுக்கு மூன்று மாசம் முன்னால். கல்லிலும் மங்சிர் பன்னிரண்டு என்றுதான் வெட்டப் போகிறார்கள். நீ பாகுன் என்கிறாய். பாகுன் என்றுகூட விடாமல் பட்சமும் திதியும் சொல்கிறாய். செத்த நாள் தெரிந்தவர்களுக்குத்தான் திதி தெரியும்.

யார் சொன்னது உனக்கு? நீ அங்கே இருந்தாயா?

மன்சரா


சுர்கேத்
பூஸ் 25, 2071

அண்ணிக்கு,

கை தவறி எழுதிவிட்டேன். சிவராத்திரி நல்ல நாள், அதை ஒட்டி வரட்டும் என்று எழுதினேன். வேறு அர்த்தம் இல்லை. பண்டிதர் சொல்வதுதான் சரி. அமாவாசையில் செய்யுங்கள்.

அந்தத் தேதியை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். பண்டிதரிடமும் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். உடனே.

ஹ.


சிம்தாரா
மாக் 3, 2071

ஹரிகலா,

கை தவறினால் ஊசி குத்தும். திதி வராது.

நேற்று முன்தினம் மாகே சங்கராந்தி. ஊரெல்லாம் கிழங்கு வேகவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் கிழங்கும் நெய்யும் கொண்டுவந்து வைத்தாள். எடுத்து வாயில் வைத்தேன், இறங்கவில்லை. அவரைக் கொண்டுபோன வருஷமும் சங்கராந்திக்கு நான் கிழங்கு தின்றேன். நாற்பத்தைந்து நாள் அழுதாகிவிட்டது, இனி ஆள் இல்லை, நாமாவது சாப்பிடுவோம் என்று நினைத்துத் தின்றேன். நீ சொல்கிற தேதி உண்மையானால் அன்றைக்கு அவர் எங்கேயோ உயிரோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். தேடிப் போயிருக்கலாம். யார் காலிலாவது விழுந்திருக்கலாம். இதை என்ன செய்வேன் நான்?

இன்னொன்றும் எனக்குத் தெரியும். நான் எழுத்துத்தான் லேட்டாகக் கற்றேன், புத்தி முன்னாலேயே இருந்தது. அந்த வருஷம் மாக் பாதியில் போர்நிறுத்தம் வந்தது. பாகுனில் ராணுவக்காரன் ஒருத்தன்கூட முகாமை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு தரப்பும் ஆற்றங்கரையில் கைப்பந்து விளையாடியதை நானே பார்த்தேன். அப்படியானால் அவரைச் சுட்டது யார்?

உன்னைக் குத்தம் சொல்ல எழுதவில்லை. ஆணையத்துக்கும் போக மாட்டேன், கோர்ட்டுக்கும் போக மாட்டேன். எனக்கு அவர் செத்த நாள் வேண்டும். அது அமாவாசையா திரயோதசியா, ஒரே வார்த்தை எழுது. எழுதாவிட்டால் நானே ஜீப் ஏறி வந்து உன் கடை வாசலில் நின்று கேட்பேன். உன் தெருவும் கேட்கட்டும்.

மன்சரா


சுர்கேத்
மாக் 15, 2071

அண்ணி,

திரயோதசி.

இதை எழுதிவிட்டு மூன்று நாள் வைத்திருந்தேன். இப்போது மிச்சத்தையும் எழுதுகிறேன். இதை மட்டுமாவது எரியுங்கள்.

நான் அங்கே இருக்கவில்லை. அது சத்தியம். போர்நிறுத்தத்தின்போது பயிற்சிக்காக எங்கள் பிரிவையும் ஹிக்மத்தின் பிரிவையும் மேட்டுக் காட்டில் ஒன்றாகக் கூட்டினார்கள். சிவராத்திரி அன்று பயங்கரக் குளிர். சாமி கிடையாது என்று பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் எல்லோரும் சிவராத்திரி நெருப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் நெருப்பில் நான்கு பேர். ஹிக்மத் ஒருத்தன், அவனுடைய ஆள் இரண்டு பேர், நான். அவன் கொஞ்சம் குடித்திருந்தான். பேச்சு எங்கெங்கோ போய், "கழுதைக்காரன் ஒருத்தனை மூணு மாசமா கட்டி வச்சுச் சோறு போட்டோம். பேச்சுவார்த்தைன்னு வந்தா கைதிங்களைக் காட்டச் சொல்லுவான், நமக்கெதுக்கு வம்புன்னு நேத்து முடிச்சுட்டேன்" என்றான். கையை நெருப்பில் காட்டிக்கொண்டே சொன்னான். "உளவாளியா அவன்?" என்று அவனுடைய ஆள் கேட்டான். "இல்லபோல. ஆனா வெளிய விட்டா இருந்த எடத்தைச் சொல்லிருவான்ல" என்றான்.

ஊர்ப் பெயரைச் சொன்னான். சிம்தாரா என்றான்.

காட்டில் யாருக்கும் வீட்டுப் பெயர் கிடையாது, அண்ணி. நான் அங்கே ஜ்வாலா. என் ஊர் எது, அப்பா யார், அண்ணன் யார் என்று அவனுக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, "ஜ்வாலா, விறகைத் தள்ளு" என்றான். தள்ளினேன். நான் எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. உளவாளியின் தங்கையும் உளவாளிதான் என்று அடுத்த நிமிஷம் முடிவாகிவிடும். மூச்சு விடும் சத்தம்கூட அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை.

அந்த நான்கு பேரில் அவனுடைய ஆட்கள் இரண்டு பேரும் அடுத்த வருஷமே சண்டையில் போய்விட்டார்கள். இப்போது அந்தத் திதி தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அவன், நான். நீங்கள் அன்றைக்கு வெள்ளை உடுத்தினால் அவன் உட்கார்ந்து யோசிப்பான். நெருப்பில் யார் யார் இருந்தார்கள் என்று விரல் விடுவான். ஜ்வாலா யார் என்று ஒருத்தனைக் கேட்டால் போதும், என் கடைக்கு வழி தெரிந்துவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கதவைச் சாத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அமாவாசையில் செய்யுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹரிகலா


சிம்தாரா
பாகுன் 2, 2071

ஹரிகலா,

எரித்தேன். கேட்டுக்கொண்டாய் என்பதற்காக அந்த ஒன்றை மட்டும். அதற்கு முன்னால் மனப்பாடம் ஆகும்வரை படித்தேன்.

நேற்று நினைவு வாயில் திறப்பு விழா. போர் தொடங்கிய நாள் என்று வருஷாவருஷம் கொண்டாடுகிறார்களே, அதே நாளில் வைத்துக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ‘ஜுரம்’ என்று சொல்லிப் படுத்துவிட்டேன். இரண்டு தடியன்களும் வந்து என்னைக் கட்டிலோடு தூக்காத குறையாகக் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தான்கள். திரையை இழுக்க என் கையைப் பிடித்து ஒருத்தன் கயிற்றில் வைத்தான். நான் விரலை மடக்கவே இல்லை. கடைசியில் ஹிக்மத்தின் பெண்டாட்டி இழுத்தாள். பெரிய கல்தான். உன் அண்ணன் பெயர் ஏழாவது. பெயருக்குப் பக்கத்தில் விஸ்வாஸ், மங்சிர் 12, எதிரிப் படையால் கொல்லப்பட்டவர். எழுத்து எல்லாம் அழகு.

மைக்கில் ஹிக்மத் அழுதான். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. ஊரும் அழுதது. எனக்கு வரவில்லை. பக்கத்திலிருந்த கிழவி என்னை இடித்து, "அழுடி, பாக்குறாங்க" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். இங்கே எல்லாருக்கும் தெரியும், ஹரிகலா. யார் கொண்டுபோனது என்று தெரியும். திரும்பி வரவில்லை என்று தெரியும். எனக்குத் தேதி இல்லாததால்தான் அவன் கதை இத்தனை நாள் நின்றது.

நாளை மறுநாள் திரயோதசி. நான் செய்யப் போகிறேன்.

உன்னை நினைத்து மூன்று நாள் தூக்கம் இல்லை. உன் பயம் பொய்ப் பயம் இல்லை என்று தெரியும். ஆனால் நான் அமாவாசையில் செய்தால் அவர் தனக்குச் செத்த நாள்கூட இல்லாமல் அலைவார். ஒரு மாசம் கடையைப் பூட்டிவிட்டு வேறு எங்காவது போய் இரு. உன் பெயர் என் வாயிலிருந்து வராது. தோலை உரித்தாலும் வராது.

மன்சரா


சுர்கேத்
பாகுன் 3, 2071

அண்ணி,

சுர்பீர் இப்போதுதான் கொடுத்தான். வண்டி கிளம்பும் முன் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

வேண்டாம். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். காலையில் கடைக்கு ஒருத்தன் பொத்தான் தைக்க வந்தான். தைத்து முடித்ததும் நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்து, "குண்டடியா அக்கா? எந்தப் பிரிவு?" என்றான். பஸ்ஸில் அடிபட்டது என்றேன். சிரித்துவிட்டுப் போனான். அவன் யாராகவும் இல்லாமல் இருக்கலாம். இருக்கலாம்.

அமாவாசைக்கு இரண்டே நாள்தான் இடையில். பொறுங்கள்.

ஹ.


சிம்தாரா
பாகுன் 19, 2071

ஹரிகலா,

உன் சீட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆற்றங்கரையில் தர்ப்பை உருவத்துக்குத் தீ வைத்து, வளையலை உடைத்து, குங்குமத்தை அழித்துக்கொண்டு வெள்ளையோடு திரும்பி வந்திருந்தேன். பண்டிதர் ஹோமநாத் கடைசி வரைக்கும், "அமாவாசைக்கு மாத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டே மந்திரம் சொன்னார். சுள்ளி போடக் கூட ஆள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பதினோரு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு சுள்ளி போட்டார்கள்.

பதிமூன்று நாள் மூலையில் சாணி மெழுகின கோட்டுக்குள் உட்கார்ந்து, உப்பில்லாத சோற்றை ஒருவேளை தின்றேன். கிரியையில் இருப்பவளை யாரும் தொடக்கூடாது என்பது எவ்வளவு நல்ல சட்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊரே வாசலோடு வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் விரலை மடக்கி எண்ணினார்கள். பாகுன், தேய்பிறை, திரயோதசி. அந்த வருஷம் அப்போது போர்நிறுத்தம் ஆயிற்றே என்று ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை. வெளியே போகும்போது கல் இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏழாம் நாள் ஹிக்மத் வந்தான். தடியன்கள் இரண்டு பேரும் கூட. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அண்ணி, இந்தத் திதி யாரு குறிச்சுக் குடுத்தா?"

"யாரும் குறிக்கல."

"கல்லுல மங்சிர்னு வெட்டியிருக்கு. நீங்க பாகுன்ல உக்காந்திருக்கீங்க. ஊரு என்ன நெனைக்கும்?"

"ஊரு நெனைக்கிறதை ஊரைக் கேளு."

"பண்டிதரா சொன்னாரு?"

"அவரு அமாவாசைன்னுதான் தலையில அடிச்சுக்கிட்டாரு."

"அப்ப யாரு? போன் வந்துச்சா? சுர்கேத்ல உங்களுக்கு யாரோ சொந்தம்னு..."

உன் கிட்டேயே வந்துவிட்டான், ஹரிகலா. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

"அவரே வந்து சொன்னாரு."

"எவரு?"

"நான் எத்தனை பேருக்குச் சமைச்சுப் போட்டேன்? இவருதான். விடியக்காலம் கனவுல வந்து கால்மாட்டுல நின்னாரு. ‘சிவராத்திரிக்கு முந்தின நாள் செய். மங்சிர்ல செஞ்சா எனக்கு வந்து சேராது. மங்சிர்ல நான் உசுரோட இருந்தேன்’னாரு."

தடியன்களில் ஒருத்தன் இரண்டடி பின்னால் போனான். ஹிக்மத் சிரித்தான். "கனவாம்டா, கேட்டியா" என்று அவர்களைப் பார்த்தான். அவன்கள் சிரிக்கவில்லை. அவன் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு நிறுத்தினான். போகும்போது செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். யாரோ பின்னால் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பத்தாம் நாள் தனியாக வந்தான். பெண்கள் எல்லாம் தண்ணீருக்குப் போயிருந்த நேரம். கதவைப் பாதி சாத்தினான். சரி, நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். கையில் எனக்கு எட்டினது சோற்றுக் கரண்டி ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டேன். அவன் கோட்டைத் தாண்டவில்லை. குந்தி உட்கார்ந்தான்.

"அண்ணி... மறுபடி வந்தாரா?"

"யாரு?"

"அவருதான். வேற எதாச்சும் சொன்னாரா? யாரு, எங்கன்னு... எதாச்சும்?"

சாமி இல்லை, பேய் இல்லை என்று இந்த ஊருக்கே வகுப்பெடுத்தவன். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "இன்னும் சொல்லல. அடுத்த தடவ வர்றப்பக் கேக்குறேன்" என்றேன். அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு முன்னைவிடப் பயமாகிவிட்டது. திமிரோடு இருக்கிற ஹிக்மத் என்ன செய்வான் என்று தெரியும். பயந்துபோன ஹிக்மத் என்ன செய்வான் என்று தெரியாது. இப்போது விறகு வருவதில்லை. யாரும் முற்றம் பெருக்குவதில்லை. அவன் வீட்டில் விடிய விடிய விளக்கு எரிகிறதாம்.

நான் புல்லைத்தான் எரித்திருக்கிறேன். எனக்கு எலும்பு வேண்டும். அன்றைக்கு அந்த நெருப்பில் அவன் இடத்தையும் சொல்லியிருப்பான். நீ அதை எழுதாமல் விட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். எழுது. உன் பெயர் வராது. உன் அண்ணன் கனவில் வந்து சொன்னதாகவே இருக்கும்.

மன்சரா


சுர்கேத்
பாகுன் 26, 2071

அண்ணி,

சொன்னான். எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டேன்.

மேட்டுக் காட்டில் இடையர்கள் கோடையில் செம்மறி அடைக்கிற பழைய பட்டி இருக்கிறது. அதற்கு மேலே ஓர் ஊற்று. ஊற்றுக்கு வலப்பக்கம் மண் சரிந்து ஒரு பெரிய பாறை சாய்ந்து நிற்கும். அதன் அடியில். ஆழமாகத் தோண்டவில்லை, நிலம் உறைந்திருந்தது, கல்லைப் போட்டு மூடினேன் என்றான். அண்ணன் கையைக் கட்டின கழுதைக் கயிறும் அப்படியே இருக்கும். அவருடைய கயிறேதான்.

இதை அவனிடம் தனியாகச் சொல்லாதீர்கள். அவன் வாசலுக்கு வந்தாலும் சொல்லாதீர்கள். காலையில் பெண்கள் எல்லாம் குழாயடியில் குடத்தோடு நிற்கிற நேரத்துக்குப் போய், உரக்கச் சொல்லுங்கள். பட்டி, ஊற்று, பாறை, கயிறு. ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். இருபது பேருக்குத் தெரிந்துவிட்டால், ஒருத்தியை என்ன செய்தும் அவனுக்குப் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கே ஆட்களோடு மேலே போக வேண்டும். அவன் முந்திக்கொண்டு போய்விடக் கூடாது.

ஆனால் நான் வரும்வரை பொறுங்கள். வியாழக்கிழமை ஜீப்பில் சுர்பீர் பக்கத்தில் இடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வந்து கடையைப் பூட்டினேன், பூட்டியதைத் திறந்தேன், மறுபடி பூட்டினேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போதுகூட வாசலில் ஆள் நடந்தால் பேனா நின்றுவிடுகிறது. ஆனாலும் வருகிறேன். குழாயடியில் உங்கள் பக்கத்தில் நானும் நிற்பேன். ஒருத்தி மட்டும் சொன்னால் பைத்தியம் என்று சொல்லி முடித்துவிடுவான். இரண்டு பேருக்கும் ஒரே கனவு வந்ததாக இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார்
ஹரிகலா